ஈரல் பொரியலும் எஃப்7 கட்டமும்

வலய மட்டச் செஸ் போட்டி முடிந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஸ்கோர் தாளை மடித்து மடித்துக் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தரம் 7இல் படிக்கிற பிள்ளை. கறுப்புக் காய்கள். 11ஆவது நகர்த்தலில் மூலையில் நின்ற கோட்டை போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்றே சொல்ல முடியாது. ஹட்டனைத் தாண்டி பஸ் தலவாக்கலைப் பக்கம் ஏறியபோது மலை முழுக்கப் பனிமூட்டம். சன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: "சேர், நான் ஒரு காயைக்கூடச் சும்மா குடுக்கல. அவங்க எடுத்தாங்க, நானும் எடுத்தேன். அப்புறம் எப்படி சேர் தோத்தேன்?"

பஸ்ஸில் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பலகை இல்லாமல் சொல்லக்கூடிய பதிலும் அல்ல அது. ஆனால் கேள்வி மிகச் சரியான கேள்வி. அவள் செய்த ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரியும். அப்படி நியாயமாகத் தெரிகிற நகர்த்தல்களை வைத்துத்தான் இந்தப் பொறியே செய்யப்பட்டிருக்கிறது. 400 வருடமாக இதே இடத்தில் ஆட்கள் விழுந்துகொண்டிருக்கிறார்கள். இதை இங்கே விரிவாக எழுதக் காரணம், எங்கள் தோட்டப் பிள்ளைகள் நகரத்துப் பள்ளிக்கூடங்களோடு மோதித் தோற்கும் ஆட்டங்களில் பாதிக்கு மேல் இப்படி முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தலுக்குள் முடிந்துபோகின்றன என்பதுதான். நடு ஆட்டத்துக்கு வந்துவிட்டால் எங்கள் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அங்கே வந்து சேர்வதுதான் பாடு.

முதலில் பெயர்களைச் சரிபண்ணிக்கொள்வோம். ராஜா, ராணி, குதிரை, கோட்டை, சிப்பாய் என்பதில் குழப்பம் இல்லை. மூலைவாட்டில் ஓடும் காயைச் சிலர் மந்திரி என்கிறார்கள், சிலர் தேர் என்கிறார்கள். பழைய ஆட்டம் தெரிந்த தாத்தாமார் ராணியைத்தான் மந்திரி என்பார்கள். சண்டை வராமல் இருக்க நான் பிஷப் என்றே எழுதுகிறேன். கட்டங்களுக்கு, வெள்ளை ஆடுபவரின் இடக்கை ஓரத்தில் ஏ என்று தொடங்கி வலக்கை ஓரத்தில் எச் வரை எட்டு வரிசை. வெள்ளைப் பக்கமிருந்து 1 முதல் 8 வரை எண். கறுப்பு ராஜா நிற்பது ஈ8. அதற்குப் பக்கத்தில் சாய்வாக முன்னால் நிற்கும் சிப்பாயின் இடம் எஃப்7. நம்முடைய கதை முழுக்க இந்த ஒரு கட்டத்தைச் சுற்றித்தான்.

ஆட்டம் தொடங்குமுன் காய்களை அடுக்கி வைத்துவிட்டு, கறுப்பின் எட்டுச் சிப்பாய்களுக்கும் யார் யார் காவல் என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும். நான் புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முதல் வேலையே இதுதான். ஈ7 சிப்பாய்க்கு ராஜா, ராணி, ஒரு பிஷப், ஒரு குதிரை என்று நாலு பேர் காவல். டி7க்கும் அப்படியே நாலு பேர். ஓரத்துச் சிப்பாய்களுக்குக் கோட்டை இருக்கிறது. பி7க்கும் ஜி7க்கும் ஆளுக்கொரு பிஷப். சி7க்கு ராணி. எஃப்7க்கு? ராஜா மட்டும். ராஜா காவல் நிற்பது காவலே இல்லை என்று சொல்லலாம், ஏனென்றால் தாக்க வருபவனுக்குப் பின்னால் இன்னொரு காய் துணை நின்றால் ராஜா அவனைத் தொடவே முடியாது. புதுப் பிள்ளைகளின் ராஜாவை நாலே நகர்த்தலில் தப்ப வழியில்லாமல் மேட் ஆக்கும் அந்தப் பிரபலமான வித்தையும் இதே கட்டத்தில்தான் முடிகிறது: பிஷப் துணை நிற்க, ராணி எஃப்7இல் வந்து உட்காரும்.

இந்தப் பலவீனம் ஆதியிலிருந்தே இப்படி ஆபத்தாக இருந்ததில்லை. பழைய இந்திய, அரபு ஆட்டங்களில் இன்றைய ராணியின் இடத்தில் நின்ற மந்திரி ஒரே ஒரு கட்டம்தான் சாய்வாக நகரும். இன்றைய பிஷப்பின் இடத்தில் நின்ற யானை சாய்வாக இரண்டு கட்டம் தாவும், அவ்வளவுதான். சிப்பாய் முதல் அடியில் இரண்டு கட்டம் போகாது. அந்த ஆட்டத்தில் எஃப்7ஐத் தாக்க ஆள் வந்து சேர்வதற்குள் இருபது நகர்த்தல் போய்விடும். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் விதிகள் மாறின. ராணி பலகை முழுக்கப் பாயத் தொடங்கியது. பிஷப் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஒரே அடியில் போகத் தொடங்கியது. உடனே முதல் ஐந்து நகர்த்தலே உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்கம், என்று தனியாக ஒரு படிப்பு தேவைப்பட்டதே அதற்குப் பிறகுதான். அந்தப் படிப்பை முதலில் எழுதி வைத்தவர்களில் ஸ்பானியரும் இத்தாலியரும் முக்கியமானவர்கள். அவள் ஆட்டத்தில் வந்த தொடக்கத்துக்கு இத்தாலியன் என்று பெயர் வந்ததும் அப்படித்தான்.

சரி, அவளுடைய ஆட்டத்துக்கு வருவோம்.

வெள்ளை ராஜாவின் சிப்பாயை ஈ4க்குத் தள்ளியது. அவளும் எதிரே ஈ5இல் வைத்தாள். வெள்ளைக் குதிரை எஃப்3க்கு வந்து ஈ5 சிப்பாயைக் குறி வைத்தது. அவள் சி6க்குக் குதிரையைக் கொண்டுவந்து அதைக் காத்தாள். மூன்றாவது நகர்த்தலில் வெள்ளை பிஷப் சி4க்கு வந்து நின்றது. இதுதான் இத்தாலியன். சி4இலிருந்து சாய்வாகப் பாருங்கள்: டி5, ஈ6, அடுத்தது எஃப்7. இடையில் எதுவும் இல்லை. அவள் தன் இரண்டாவது குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்தாள். கறுப்பின் இரண்டு குதிரையும் வெளியே வந்துவிட்டதால் இதை இரு குதிரைத் தற்காப்பு என்கிறார்கள். நல்ல நகர்த்தல். உலகச் சாம்பியன்கள் ஆடிய நகர்த்தல். ஆனால் இதை ஆடுகிறவர் அடுத்து வரப்போவது என்ன என்று தெரிந்துதான் ஆட வேண்டும்.

அடுத்து, வெள்ளைக் குதிரை ஜி5க்குத் தாவியது. இப்போது எஃப்7ஐ இரண்டு பேர் தாக்குகிறார்கள், காப்பது ராஜா ஒருவர். ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்த்தலில் சேர்த்து நகர்த்திக் கோட்டை கட்டித் தப்பிக்கலாம் என்றால் எஃப்8 பிஷப் இன்னும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மிச்சம் இருப்பது ஒரு வழி: பிஷப்பின் பாதையை மறிப்பது. அவள் அதைக் கண்டுபிடித்தாள். டி5இல் சிப்பாயைத் தள்ளினாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் பலகையைப் பார்த்தே கண்டுபிடித்தாள் என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லிக் கொடுக்காதது என் தவறு. கண்டுபிடித்தது அவள் கெட்டித்தனம்.

வெள்ளை ஈ4 சிப்பாயால் அந்த டி5 சிப்பாயை எடுத்தது. இப்போது பலகையைப் பார்க்கிற எந்தப் பிள்ளையும் என்ன செய்யும்? போன சிப்பாய்க்குப் பதில் சிப்பாயை எடுக்கும். எஃப்6 குதிரை டி5ஐ எடுக்கலாம், இலவசமாகக் கிடக்கிறது. எடுத்தாள். கணக்குச் சரியாகிவிட்டது, பிஷப்பின் பாதையும் மறிபட்டே இருக்கிறது, குதிரை பலகையின் நடுவில் கம்பீரமாக நிற்கிறது.

தவறு அங்கேதான் நடந்தது.

வெள்ளை தன் குதிரையை எஃப்7இல் பலியிட்டது. ராணிக்கும் கோட்டைக்கும் ஒரே சமயத்தில் குறி. ராஜா எடுத்தே ஆக வேண்டும், எடுத்தார். வெள்ளை ராணி எஃப்3க்கு வந்து ராஜாவை நேரடியாகத் தாக்கி செக் வைத்தது. இப்போது டி5 குதிரையை பிஷப்பும் ராணியும் சேர்ந்து குறி வைக்கிறார்கள்; அதே ராணி ராஜாவுக்கும் செக். இந்த இடத்தில் அவள் ராஜாவை ஈ8க்கே திருப்பி அனுப்பினாள். வீட்டுக்குப் போனால் பத்திரம் என்பது யாருக்கும் தோன்றுவதுதான். ஆனால் ராஜா திரும்பிப் போனதும் டி5 குதிரைக்குக் காவலாக ராணி மட்டும் மிஞ்சியது. வெள்ளை பிஷப் குதிரையை எடுத்து, எஃப்7இல் மேட் என்று மிரட்டியது. கறுப்பு ராணி ஈ7க்கு வந்து மேட்டைத் தடுத்தது. உடனே பிஷப் சி6 குதிரையையும் எடுத்து செக். சிப்பாய் பிஷப்பை எடுத்தது. வெள்ளை ராணி எஃப்3இலிருந்து ஈ4, டி5 வழியாகச் சறுக்கிக்கொண்டு போய் சி6 சிப்பாயை எடுத்தது. ஒரு பக்கம் ராஜாவுக்குச் செக், மறு பக்கம் ஏ8 கோட்டைக்குக் குறி. அவள் பிஷப்பை டி7இல் வைத்து செக்கைத் தடுத்தாள். கோட்டை போனது.

மறுபடி அவள் கேள்விக்கு வருவோம். அவள் சும்மா கொடுக்கவில்லை, உண்மைதான். அவள் எடுத்த காய்களும் கணக்குக்குச் சரிதான். எடுத்த ஒவ்வொரு முறையும் ஒரு நகர்த்தல் செலவானது, அந்த ஒவ்வொரு நகர்த்தலிலும் வெள்ளை ஒரு புது ஆளைச் சண்டைக்கு அனுப்பியது. அவளுடைய எஃப்8 பிஷப்பும் இரண்டு கோட்டைகளும் கடைசி வரை அசையவே இல்லை.

இந்தக் குதிரைப் பலிக்கு இத்தாலியர் வைத்த பெயர் ஃபெகாடெல்லோ. ஈரலில் செய்யும் ஒரு பதார்த்தத்தின் பெயர் அது. ஆங்கிலத்திலும் அப்படியே பொரித்த ஈரல் தாக்குதல் என்றாகிவிட்டது. எங்கள் பிள்ளைகள் இதை ஈரல் பொரியல் என்றுதான் சொல்கிறார்கள். "சேர், அவன் ஈரல் பொரியல் போட வாறான்" என்றால் எதிராளி ஜி5க்குக் குதிரையைக் கொண்டுவருகிறான் என்று பொருள். பெயர் ஒட்டிக்கொண்டால் விஷயமும் மறக்காது என்பதால் நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஜூலியோ செசாரே பொலேரியோ என்ற இத்தாலியரின் பெயரோடு சேர்த்து இந்தப் பலி ரோமில் 1610ஐ ஒட்டிய காலத்திலேயே பதிவாகியிருக்கிறது. பொலேரியோவின் எதிராளியும் குதிரையால் டி5ஐ எடுத்தார், ராஜாவால் எஃப்7ஐ எடுத்தார், தோற்றார். ஆனால் ஒரு வித்தியாசம். ராணி செக் வைத்தபோது அவர் ராஜாவை ஈ8க்கு அனுப்பவில்லை, ஈ6க்கு முன்னால் கொண்டுவந்தார்.

பலகையில் வைத்துப் பாருங்கள், ராஜா ஈ6க்கு வருவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நடு மைதானத்தில், எதிரிப் படைக்கு நேர் எதிரே. ஆனால் ஆட்டத்தில் நிலைக்க வேண்டுமென்றால் கறுப்பு போக வேண்டிய இடம் அதுதான், ஏனென்றால் அங்கிருந்துதான் ராஜா டி5 குதிரையைக் கையைப் பிடித்துக் காக்க முடியும். ஜி8க்கு ஒதுங்கினால் இன்னும் மோசம்: பிஷப் குதிரையை எடுத்து செக், ராணி பிஷப்பை எடுத்தால் வெள்ளை ராணி அதை எடுத்து மறுபடி செக், நடுவில் பிஷப்பை ஈ6இல் வைத்து மறித்தால் அதையும் எடுத்து மேட். ஈ6க்கு வந்தால் மட்டும் கொஞ்சம் போராடலாம். வெள்ளையின் அடுத்த குதிரை சி3க்கு வந்து டி5ஐ இன்னும் அழுத்தும். அப்போதும் வெள்ளைக்கே சாதகம் என்று பழைய புத்தகங்களும் சொல்கின்றன, இன்றைய கணினிகளும் சொல்கின்றன. தரம் 7 பிள்ளை பலகையின் நடுவில் ராஜாவை வைத்துக்கொண்டு முப்பது நகர்த்தல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் நடக்கிற காரியம் அல்ல.

அப்படியென்றால் ஐந்தாவது நகர்த்தலில் என்ன செய்திருக்க வேண்டும்? டி5 சிப்பாயை எடுக்கவே கூடாது. சி6 குதிரையை ஏ5க்கு, பலகையின் ஓரத்துக்கு அனுப்பி, சி4இல் நிற்கும் பிஷப்பைத் துரத்த வேண்டும்.

இதை முதலில் பார்க்கிறபோது பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். குதிரையை ஓரத்தில் வைக்காதே என்று நானே பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன், இப்போது நானே வைக்கச் சொல்கிறேன். அதோடு ஒரு சிப்பாயும் கையை விட்டுப் போகிறது. ஆனால் எஃப்7ஐக் குறி வைத்த இரண்டு பேரில் ஒருவரை அங்கிருந்து கிளப்புவதுதான் இந்த நேரத்தில் முக்கியம். மற்றதெல்லாம் அப்புறம். பிஷப் பி5க்குப் போய் செக் வைக்கும். கறுப்பு சி6இல் சிப்பாயைத் தள்ளி மறிக்கும். வெள்ளைச் சிப்பாய் அதை எடுக்கும், பி7 சிப்பாய் திருப்பி எடுக்கும். பிஷப் மறுபடி குறியில் மாட்டி ஈ2க்குப் பின்வாங்கும். கறுப்பு எச்6இல் சிப்பாயைத் தள்ளும், ஜி5 குதிரை எஃப்3க்கே திரும்பும். கறுப்பு ஈ4க்குச் சிப்பாயைத் தள்ளும், குதிரை மறுபடி ஓடி ஈ5க்குப் போகும்.

இங்கே நிறுத்தி வெள்ளையின் முதல் பத்து நகர்த்தலை எண்ணச் சொல்வேன். சிப்பாய் மூன்று நகர்த்தல். குதிரை நாலு: எஃப்3, ஜி5, மறுபடி எஃப்3, ஈ5. பிஷப் மூன்று: சி4, பி5, ஈ2. பத்தில் ஏழு நகர்த்தலை இரண்டே காய்கள் தின்றுவிட்டன. அந்தக் குதிரை கறுப்பு பிஷப் டி6க்கு வந்ததும் மறுபடி குறியில் நிற்கும். கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் எல்லாக் காய்களுக்கும் வழி திறந்திருக்கிறது. இந்தச் சிப்பாய்க்கு இந்த நேரம் ஈடாகுமா என்பதுதான் இரு குதிரைத் தற்காப்பின் மொத்தக் கேள்வியும். நூறு வருடத்துக்கு மேலாக அதற்கு முடிவான பதில் இல்லை, அதனால்தான் இன்னும் ஆடுகிறார்கள்.

ஒரு சாயங்காலம் லயத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் பலகையை விரித்து அவள் இதை ஆடிக் காட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பா வந்து பக்கத்தில் குந்தினார். தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலைக்குப் போகிறவர், கத்தியைக்கூட இன்னும் கழுவி வைக்கவில்லை. "ஒரு சிப்பாய் கொறையுதே மகள்" என்றார். "அவங்க காய் எல்லாம் திரும்பத் திரும்ப ஓடுதுப்பா, எனக்கு மூணு நகர்த்தல் லாபம்" என்றாள். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கவ்வாத்து வெட்டுன மலை மாதிரி. இப்ப மொட்டையாத்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கத்தியைக் கழுவப் போனார். அதைவிட நன்றாக ஒரு சிப்பாய்ப் பலியை எனக்கு விளக்கத் தெரியாது.

வெள்ளை நாலாவது நகர்த்தலில் குதிரையை ஜி5க்குக் கொண்டுபோவது சரியா என்பதே பெரியவர்களிடையே நீண்ட சண்டை. ஜெர்மன் மருத்துவரும் பெரிய ஆட்டக்காரருமான தாராஷ், கைப்பழக்கம் இல்லாதவன் ஆடும் நகர்த்தல் என்று அதைத் திட்டினார். தொடக்கத்தில் ஒரே காயை இரண்டு தடவை நகர்த்தாதே என்பது அவர் பள்ளியின் பாலபாடம். முதல் உலகச் சாம்பியன் ஸ்டைனிட்ஸ் அதற்கு நேர் எதிர். சிப்பாயை எடு, அப்புறம் நிதானமாகத் தற்காத்துக்கொள் என்பது அவர் கட்சி. 1890-91இல் அவர் நியூயோர்க்கிலும் ரஷ்ய ஆட்டக்காரர் சிகோரின் சென் பீட்டர்ஸ்பர்க்கிலும் இருந்துகொண்டு தந்தி மூலம் இரண்டு ஆட்டம் ஆடினார்கள். எங்கள் மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றிக்கொண்டிருந்த காலம் அது. தந்தியில் போன ஆட்டங்களில் ஒன்று இதே இரு குதிரைத் தற்காப்பு. ஒன்பதாவது நகர்த்தலில் ஸ்டைனிட்ஸ் குதிரையை எஃப்3க்குத் திருப்பாமல் எச்3 ஓரத்துக்கு அனுப்பினார். கறுப்பு பிஷப் அதை எடுத்தால் தன் சிப்பாய் வரிசை சிதையும் என்று தெரிந்தே வைத்தார். தன்னிடம் இரண்டு பிஷப்பும் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. சிகோரின் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தார். எச்3 குதிரை அவமானப்பட்டு அப்படியே பல காலம் மூலையில் கிடந்தது. 1963இல் பாபி ஃபிஷர் நியூயோர்க் மாநிலப் போட்டியில் ஆர்தர் பிஸ்கையருக்கு எதிராக அதைத் தூசி தட்டி எடுத்து ஆடி ஜெயித்தார். 70 வருடம் தோல்வி என்று எழுதி வைத்திருந்ததை ஒருவர் திரும்பப் பார்த்தார், அவ்வளவுதான். பெரிய புத்தகத்தில் தப்பு என்று போட்டிருக்கிறது சேர் என்று வரும் பிள்ளைகளுக்கு நான் இந்த ஆட்டத்தைத்தான் காட்டுவேன்.

இந்தத் தொடக்கத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமான கிளை வேறொன்று. எட்டாவது நகர்த்தலில் பிஷப் பின்வாங்காமல், வெள்ளை தன் ராணியை எஃப்3க்குக் கொண்டுவரலாம். அவளை வீழ்த்திய அதே குறிதான்: சி6ஐ எடுத்து, ஏ8 கோட்டையையும் எடுப்பது. இதற்குக் கறுப்பு, கோட்டையை ஏ8இலிருந்து பி8க்கு ஒரே ஒரு கட்டம் தள்ளி வைக்கிறது. வேண்டுமானால் சி6ஐ எடுத்துக்கொள் என்பதுதான் அதன் பேச்சு. வெள்ளை எல்லாவற்றையும் எடுத்து முடித்தால் கறுப்புக்கு இரண்டு சிப்பாய் குறைவு, ஆனால் வெள்ளை ராணி தனியாக எதிரி வீட்டுக்குள் நிற்க, கறுப்புக் காய்கள் ஒவ்வொன்றாக அதைத் துரத்திக்கொண்டே வெளியே வரும். இதற்குக் கோல்மன் வகை என்று பெயர். யூஜின் எர்னெஸ்ட் கோல்மன் என்ற ஆங்கிலேயர். 1942இல் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்தபோது ஆயிரக்கணக்கானவர்களோடு சாங்கி சிறைமுகாமில் அடைபட்டவர். அங்கே இருந்தபடிதான் இந்த நகர்த்தலை ஆராய்ந்தார். புத்தகம் இல்லை, பயிற்சியாளர் இல்லை, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை. ஒரு கோட்டையை ஒரு கட்டம் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று நாள்கணக்கில் யோசிக்கக் கையில் நேரம் மட்டும் இருந்திருக்கிறது. அப்படிப் பிறந்த நகர்த்தலை இன்றும் ஆடுகிறார்கள்.

இன்னொரு கிளை இருக்கிறது, அதைச் சின்னப் பிள்ளைகளுக்கு நான் காட்டுவதில்லை. ஜி5க்குக் குதிரை வந்ததும் எஃப்7ஐக் காக்கவே முயலாமல், கறுப்பு தன் பிஷப்பை சி5க்குக் கொண்டுவந்து எதிராளியின் எஃப்2ஐக் குறி வைப்பது. நீ என் வீட்டைக் கொளுத்து, நான் உன் வீட்டைக் கொளுத்துகிறேன் என்கிற கதை. செக் நாட்டுப் பாதிரியார் கரெல் டிராக்ஸ்லர் 1890இல் ஆடிய ஆட்டத்தால் அவர் பெயர் வந்தது. அமெரிக்காவில் இதையே பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரான வில்க்ஸ்-பாரின் பெயரில் சொல்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் வெள்ளை பிஷப்பால் எஃப்7ஐ எடுத்துவிட்டு அமைதியாகப் பின்வாங்கினால் கறுப்புக்குக் கோட்டை கட்டும் உரிமையும் போய், ஒரு சிப்பாயும் போய், வெறும் ஆசை மட்டும் மிஞ்சும். ஐந்தாவது நகர்த்தலில் பி5க்குச் சிப்பாயைத் தள்ளும் உல்வெஸ்டாட் வழி, குதிரையை டி4க்குப் பாய்ச்சும் ஃபிரிட்ஸ் வழி எல்லாமும் உண்டு. பெரிய பிள்ளைகள் தாங்களாகவே தேடிக்கொள்ளட்டும்.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்றால் மூன்றாவது நகர்த்தலிலேயே எஃப்6 குதிரைக்குப் பதில் எஃப்8 பிஷப்பை சி5க்குக் கொண்டுவந்துவிடலாம். அப்போது வெள்ளைக் குதிரை ஜி5க்கு வந்தால் டி8 ராணி நேராக வந்து அதைத் தின்றுவிடும், ஏனென்றால் நடுவில் எஃப்6 குதிரை இல்லை. சில ஆசிரியர்கள் இதை மட்டும் சொல்லிக் கொடுத்து, இரு குதிரைத் தற்காப்பை ஆடவே கூடாது என்று தடை போடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. எச்6இல் சிப்பாயை முன்கூட்டியே தள்ளி ஜி5ஐ அடைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அதில் ஒரு நகர்த்தல் வீணாகும், பயமும் பழகிப்போகும். பிள்ளைக்கு ஒரு கிடங்கு இருக்கிறதென்று தெரிந்தால் பாதையையே மாற்றச் சொல்வதா, கிடங்கு எங்கே என்று காட்டுவதா? பெரிய ஆட்டக்காரர்கள் இன்று வெள்ளையில் பெரும்பாலும் நாலாவது நகர்த்தலில் டி3இல் சிப்பாயை வைத்து மெதுவாகத்தான் ஆடுகிறார்கள், ஜி5க்குப் பாய்வது அவர்களிடையே குறைவு. ஆனால் பள்ளிக்கூடப் போட்டிகளில் கதை வேறு. அங்கே பத்தில் நாலு ஆட்டத்திலாவது யாராவது ஜி5க்குப் பாய்வதை நான் பார்க்கிறேன். பயிற்சி வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கப்படும் ஆயுதம் இது. கூரானது, சீக்கிரம் பலன் தருவது, எதிரே இருப்பவருக்குத் தெரியாவிட்டால் 15 நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

எங்கள் பக்கம் அந்த வகுப்புகள் இல்லை. நாங்கள் கூடுவது பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில். மாதத்தில் ஒரு நாள் எல்லாருக்கும் லீவு என்றால் அதுதான். சுருட்டி வைக்கும் பிளாஸ்டிக் பலகை ஆறு இருக்கிறது, கடிகாரம் இரண்டு. லிசெஸ் என்ற தளத்தில் எந்தத் தொடக்கத்தையும் இலவசமாகப் பார்க்கலாம், விளம்பரம்கூடக் கிடையாது. ஆனால் ஃபோன் சிக்னல், ஸ்டோருக்கு மேலே வளைவில்தான் நன்றாக எடுக்கும். அதனால் அங்கே போய் ஒரு வரிசையைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு கீழே ஓடி வந்து பலகையில் வைத்துப் பார்ப்பார்கள். இறங்கி வருகிற வழியில் பாதி மறந்துவிடும். ஏன் அந்த நகர்த்தல் என்று தெரிந்திருந்தால் மறந்த பாதியை அவர்களே பலகையிலிருந்து எடுத்துவிடுவார்கள். காரணத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நான் திரும்பத் திரும்பக் கேட்பது கொள்கைக்காக மட்டும் அல்ல. எங்களுக்குக் கிடைக்கிற வசதிக்கு அதுதான் ஒத்துவருகிறது.

ஆர்வத்துக்குக் குறைவில்லை. 2022 ஜூலை கடைசியில் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் தொடங்கியபோது இங்கே இலங்கையில் பெட்ரோல் வரிசையும் மின்வெட்டுமாக நாடே திணறிக்கொண்டிருந்தது. அந்தக் கஷ்டத்துக்கு நடுவிலும் வேட்டி சட்டை கட்டிய அந்தக் 'தம்பி' குதிரைப் படத்தை ஒரு பையன் கொப்பியின் பின்அட்டையில் வரைந்துகொண்டு வந்தான். சென்னைப் பையன் குகேஷ் அந்தப் போட்டியில் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்ததை நாங்கள் பேசித் தீரவில்லை. 2024 டிசம்பர் 12இல் சிங்கப்பூரில் அவர் 18 வயதில் உலகச் சாம்பியனானதும், கேரம் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காத பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து மண்டபத்துக்கு அழைத்து வந்தார்கள். ஆடுபுலி ஆட்டம் தெரிந்த ஒரு ஆச்சி, "மூணு புலிக்குப் பதினஞ்சு ஆடு, ஆட்ட வெட்டக் குடுத்துத்தான் புலியக் கட்டணும், இதுவும் அதே தானே?" என்று கேட்டார். ஆமாம் ஆச்சி என்றேன்.

அந்தத் தோல்விக்குப் பிறகு ஏழாவது போயா அன்று அவளுக்கும் பெரிய பையன் ஒருவனுக்கும் ஆட்டம். அவன் வேண்டுமென்றே ஜி5க்குக் குதிரையைப் பாய்ச்சினான். பக்கத்துப் பலகைக்காரர்கள் எல்லாம் "ஈரல் பொரியல்" என்று சத்தம் போட்டார்கள். அவள் டி5இல் சிப்பாயைத் தள்ளினாள், அவன் எடுத்தான். அவள் கை எஃப்6 குதிரையின் பக்கம் போனது. தொடவில்லை. பலகைக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. எஃப்7ஐப் பார்த்தாள், சி4ஐப் பார்த்தாள், விரலால் காற்றில் அந்தச் சாய்கோட்டை ஒரு தடவை இழுத்தாள். அப்புறம் சி6 குதிரையை எடுத்து ஏ5 ஓரத்தில் வைத்துவிட்டுக் கடிகாரத்தை அமுக்கினாள்.

அந்த ஆட்டம் 40 நகர்த்தலுக்கு மேல் போய்ச் சமனில் முடிந்தது. நடுவில் அவள் ஒரு நல்ல வாய்ப்பைத் தவறவிட்டாள், அவனும் ஒன்றைத் தவறவிட்டான். இந்தத் தடவை ஸ்கோர் தாளை அவள் மடிக்கவில்லை, கொப்பிக்குள் நேராக வைத்துக் கொண்டுபோனாள். அடுத்த போயாவுக்கு ஸ்டைனிட்ஸின் எச்3 குதிரையைப் பார்ப்பதாக இருக்கிறோம். வெள்ளையில் தானே அதை ஆடிப் பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.